பேத்திக்கு இல்லாத பந்தம்

1

போன மாதம் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். அப்பாவின் முதலாண்டுத் திதி வருகிறது, ஒரே மகன் வராமல் எப்படி, சீக்கிரம் டிக்கெட் போட்டுவிடு என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். "நீ மட்டும் வந்தாப் போதும் மணி. கோமதியையும் பாப்பாவையும் எதுக்கு அலைய விடணும், ஸ்கூல் வேற இருக்கும்ல."

தொழிற்சாலைக் கேன்டீனில், சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அதைக் கேட்டேன். வெளியாள் யாராவது கேட்டால் என்ன அக்கறையான அக்கா என்று நினைப்பார்கள். தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ஜொகூர் பாருவுக்கு வந்து பதினைந்து வருடம் ஆகப்போகிறது. தம்போய்ப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். மனைவி கோமதி வீட்டிலேயே பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்கிறாள். மகள் இனியா தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. சொந்த ஊர் மணப்பாறை. ஊரில் இருக்கிறவர்கள் படிக்கவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உங்கள் தெருவிலும் ஏதோ ஒரு வீட்டில் இது நடந்துகொண்டிருக்கும்.

2

என் முழுப்பெயர் மணிவண்ணன். ஊரில் எல்லோருக்கும் மணி. இந்த நாட்டுக்கு வந்த முதல் நாள், சட்டையில் குத்திக்கொள்ள 'மணி' என்று பெயர் அச்சடித்த அட்டை கொடுத்தார்கள். நான் போன இடமெல்லாம் மலாய்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாயங்காலம் மேற்பார்வையாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, மிகுந்த சங்கடத்தோடு, மலாயில் அந்தச் சொல்லுக்கு ஆணின் விந்து என்று பொருள் என்றார். மறுநாள் முதல் நான் 'வண்ணன்' ஆனேன்.

அந்தச் சொல் என்னை அவ்வளவு சுலபமாக விட்டுவிடவில்லை. கல்யாணமாகி நாலைந்து வருடம் பிள்ளை இல்லாமல் போய், கடைசியில் இங்கே ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையின் படியேறினோம். கோமதிக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்து ஒன்றும் இல்லை என்றார்கள். அடுத்தது என் முறை. காத்திருப்புக் கூடம் நிறையத் தம்பதிகள். தாதிப்பெண் கதவைத் திறந்து, பதிவேட்டில் இருந்த என் பெயரைச் சுருக்கி, "என்சிக் மணி" என்று கூப்பிட்டாள். திரு. மணி என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால் மலாய்த் தம்பதிகள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தார்கள். கையில் மூடிபோட்ட பிளாஸ்டிக் கிண்ணத்தோடு எழுந்து நின்றேன்.

முடிவு வந்தபோது டாக்டர் அதை நிதானமாகப் படித்துக்காட்டினார். ஐம்பது வயதிருக்கும் சீனப் பெண்மணி. எண்ணிக்கை மிகமிகக் குறைவு. இருப்பவற்றிலும் பெரும்பாலானவை அசையவில்லை. அசைபவற்றில் பலவற்றுக்குத் தலையோ வாலோ சரியாக அமையவில்லை. அவர் குரலில் வருத்தமும் இல்லை, அலட்சியமும் இல்லை. அது எனக்குப் பழக்கமான குரல்தான். சரியில்லாத சரக்கைத் திருப்பி அனுப்பும்போது சப்ளையர்களிடம் நான் அந்தக் குரலில்தான் பேசுவேன்.

 வீட்டுக்கு வந்ததும் கோமதி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஊர்ல இத யார்கிட்டயும் சொல்ல வேணாம். என்னைய சொல்லிட்டுப் போகட்டும். எனக்குப் பழகிடுச்சு" என்றாள்.

பழகிவிட்டதுதான். வளைகாப்புகளுக்கு அவளைக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். கூப்பிட்டாலும் வளையல் அடுக்க விடுவதில்லை.

3

அந்த வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். கோமதி அவள் அம்மாவைப் பார்க்கப் போயிருந்த ஒரு பிற்பகலில், அக்கா என் கையில் ஒரு போட்டோவைக் கொடுத்தாள். அக்கா வீட்டுக்காரரின் தூரத்து உறவில் ஒரு பெண். கோமதியை யாரும் விரட்டவில்லையாம், அவளும் ஒரு பக்கம் இருந்துகொள்ளட்டுமாம். அம்மா முறத்தில் பருப்பைப் புடைத்துக்கொண்டே, வம்சம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார். அப்பா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அதிகம் பேசமாட்டார்.

நான் போட்டோவைத் திருப்பிக் கொடுத்தேன். "குறை அவகிட்ட இல்ல. என்கிட்டதான் இருக்கு. எனக்கு உயிரணு ரொம்பக் கொறைவு. டாக்டர் டெஸ்ட் பண்ணிச் சொல்லிட்டாங்க" என்றேன்.

அம்மா புடைப்பதை நிறுத்தினார். அக்கா, "அவ சொல்லிக் குடுத்துப் பேசுறியா?" என்றாள். நம்ம குடும்பத்தில் அப்படி யாருக்கும் இருந்ததில்லை, தாத்தாவுக்கு ஒன்பது பிள்ளைகள், வெளிநாட்டு டாக்டர்கள் காசுக்கு எதையும் எழுதுவார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனாள். நான் விளக்கினேன். குறைவுதானே தவிர இல்லாமல் போகவில்லை, இருப்பதில் நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்துக் கருவாக்க வழி இருக்கிறது, பிறப்பது என் பிள்ளையாகவேதான் இருக்கும் என்று, தெரிந்த தமிழில் எல்லாம் சொன்னேன்.

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அதன்பிறகு இரண்டாவது கல்யாணப் பேச்சு அந்த வீட்டில் எழவே இல்லை. அப்பாதான் அதட்டி நிறுத்தியிருக்கிறார், புரிந்துகொண்டுவிட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்பை வருடக்கணக்கில் வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன்.

4

குறை என்னிடம், ஊசி அவளுக்கு. இந்த வைத்தியத்தின் முதல் அநியாயம் அதுதான். கருமுட்டை வளர்வதற்காகக் கோமதி தினமும் தன் வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று பஞ்சை நீட்டுவேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் லெட்சுமி அக்கா இருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுபவர். பார்த்தால் சீனப் பெண். பேசினால் தோட்டத்துத் தமிழ். சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பெண் குழந்தை வேண்டாம் என்று ஒரு சீனக் குடும்பம் கொடுத்த இவரைத் தமிழ்க் குடும்பம் ஒன்று வாங்கி வளர்த்தது. அந்தக் காலத்தில் இங்கே அது சாதாரணமாம். கோமதி படுத்துக் கிடந்த நாட்களில் கஞ்சியும் மீன் ரசமும் அவர் வீட்டிலிருந்துதான் வந்தன. சொந்தக்காரர்கள் யாருக்கும் சொல்லாமல் நடந்த வைத்தியம் அவருக்கு மட்டும் தெரியும்.

ஒருநாள் டாக்டர் எங்களை உட்காரவைத்து, ஆய்வுக்கூடத்தில் என்ன செய்வார்கள் என்பதைத் திரையில் ஓட்டிக் காட்டினார். நுண்ணோக்கியின் அடியில் உயிரணுக்கள் நிறையக் கிடந்தன, எதுவும் அசையவில்லை. ஓரத்தில் ஒன்று தள்ளாடி நீந்தியது. தலை முட்டை வடிவில் ஒழுங்காக இருக்கிறதா, கழுத்து வளையாமல் இருக்கிறதா, வால் ஒன்றுதானா, நேராகப் போகிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் பொறுக்குவார்களாம். பொறுக்கியதும் கண்ணாடி ஊசியின் முனையால் முதலில் அதன் வாலை நசுக்கி ஓட்டத்தை நிறுத்துவார்கள். அப்புறம்தான் உறிஞ்சி எடுத்து முட்டைக்குள் செலுத்துவார்கள். இத்தனைக்கு நடுவில் நீந்தத் தெரிந்த ஒன்றைக் கண்டுபிடித்து, முதல் வேலையாக அதன் வாலை நசுக்குகிறார்கள். கோமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்னும் நுட்பமான முறைகளும் இருந்தன. ஒருவகைப் பொருளின் மேல் ஒட்டிக்கொள்வதை மட்டும் எடுப்பது ஒன்று. மயிரிழை போன்ற வாய்க்கால்களின் வழியே தானாக நீந்தி மறுபக்கம் வருவதை மட்டும் எடுப்பது இன்னொன்று. இவற்றால் கையில் குழந்தை கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று டாக்டரே சொன்னார். எல்லாவற்றையும் செய்யுங்கள் என்றேன். நம்பிக்கை இல்லாதவன்தான் எல்லாவற்றையும் கேட்பான்.

எத்தனை சதவீதம் வெற்றி என்று கேட்டேன். ஊர் நெடுஞ்சாலை ஓரம் கொழுகொழுவென்ற குழந்தைப் படத்தோடு நிற்கும் விளம்பரத் தட்டிகளின் எண்கள் என் தலைக்குள் இருந்தன. டாக்டர் என்னைத் திருப்பிக் கேட்டார். யாரில் சதவீதம்? ஊசி போடத் தொடங்கிய எல்லாப் பெண்களிலுமா, கருவை உள்ளே வைக்கும் கட்டம் வரை வந்து சேர்ந்தவர்களில் மட்டுமா? எந்த வயதுப் பெண்களில்? வெற்றி என்று எதைச் சொல்கிறீர்கள், சோதனையில் கர்ப்பம் என்று வருவதையா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதையா? கேள்வியை மாற்றினால் எண்ணும் மாறும் என்றார்.

அதற்கு அர்த்தம் எங்களுக்கு இரண்டாவது முயற்சியில் புரிந்தது. முதல் முயற்சியில் கரு ஒட்டவே இல்லை. இரண்டாவதில் கர்ப்பம் என்று வந்தது. கோமதி அன்றைக்கு எனக்குப் பிடித்த கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். இரண்டு மாதம் நிறைவதற்குள் அது போய்விட்டது. கர்ப்பங்களை மட்டும் எண்ணிச் சொல்லும் ஏதோ ஒரு தட்டியில் நாங்களும் வெற்றிதான்.

மூன்றாவது முயற்சியில் இனியா வந்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் என்னிடமும் கோமதியிடமும் முழுப்பெயரையும் கடவுச்சீட்டு எண்ணையும் சொல்லச் சொன்னார்கள். ஒருவர் கேட்பார், யாருடையதும் மாறிவிடாதபடி இன்னொருவர் பக்கத்தில் நின்று சரிபார்ப்பார். எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது.

5

பிறப்பைப் பதியப் போன அலுவலகத்தில், சான்றிதழில் குழந்தையின் பெயருக்குக் கீழே 'புக்கான் வார்கானெகாரா' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். குடிமகள் அல்ல என்று அர்த்தம். பெற்றவர்கள் இருவரும் வெளிநாட்டவர், சட்டம் அப்படி, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பிறகு இந்தியத் தூதரகத்தில் வரிசையில் நின்று அவளுக்கு நம் நாட்டுக் கடவுச்சீட்டு வாங்கினோம். பரவாயில்லை, இவளுக்கென்று ஒரு நாடு இருக்கிறது, தாத்தா வீடு இருக்கிறது என்று கோமதியிடம் சொன்னேன்.

தாத்தா வீடு அவளைப் பெரும்பாலும் வீடியோவில்தான் பார்த்தது. அம்மா திரையை முத்தமிடுவார். அப்பா மட்டும் வரமாட்டார். எப்போது கேட்டாலும் குளித்துக்கொண்டிருப்பார், இல்லையென்றால் கடைக்குப் போயிருப்பார். இரண்டு முறை ஊருக்குப் போனபோதும் அவளைத் தூக்கவில்லை. முதுகு வலி என்றார். அக்கா பிள்ளைகளையும் அவர் கொஞ்சி நான் பார்த்ததில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இனியாவின் தமிழ் இந்த ஊர்த் தமிழாகிவிட்டது. 'லா' இல்லாமல் வாக்கியம் முடியாது. வலித்தால் 'அம்மா' என்பதில்லை, 'அலமாக்' என்கிறாள். இதை எல்லாம் ஊரில் சொல்லிச் சிரிப்போம். சிரிப்பது நாங்கள் மட்டும்தான் என்பதைக் கவனிக்கவில்லை.

6

போன வருடம் அப்பா போய்விட்டார். சிங்கப்பூர் போய், அங்கிருந்து திருச்சிக்கு விமானம் பிடித்து, நாங்கள் மூவரும் வீட்டுக்குள் நுழையும்வரை அவரை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். கோமதி கதறி அழுதாள். என்னைவிட அதிகம் அழுதாள்.

குளிப்பாட்டி, கோடி போர்த்தியபின், சடங்கு செய்கிறவர் பேரன் பேத்திகளை நெய்ப்பந்தம் பிடிக்கக் கூப்பிட்டார். குச்சியில் துணி சுற்றி நெய்யில் நனைத்துக் கொளுத்திய சின்னப் பந்தங்கள். தாத்தாவைச் சுற்றிப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது எங்கள் பக்கத்து வழக்கம். பேரப்பிள்ளை எடுத்தவருக்கு மட்டுமே கிடைக்கும் மரியாதை அது. அக்காவின் மகன் வாங்கினான். அக்காவின் மகள் வாங்கினாள். சித்தப்பா பேரன்கள் வாங்கினார்கள். நான் இனியாவின் முதுகில் கைவைத்து முன்னே அனுப்பினேன்.

அக்கா வீட்டுக்காரர் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "நீ தள்ளி நில்லு பாப்பா" என்றார், மெதுவாகத்தான். சடங்கு செய்கிறவர் கையில் இன்னொரு பந்தம் எரிந்துகொண்டிருந்தது. யாருக்கு என்பதுபோல் அவர் சுற்றிலும் பார்த்தார். அக்கா, "அது வேணாம். நீங்க ஆக வேண்டியதப் பாருங்க" என்றாள்.

அக்காவின் மகள் கையில் பந்தம் இருந்தது. ஆகவே பெண்பிள்ளை என்ற காரணமும் இல்லை. நான் அக்காவைப் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அப்போது அம்மா அப்பாவின் தலைமாட்டிலிருந்து நிமிர்ந்து, அழுத கண்ணோடு என்னைப் பார்த்தார்.

"அவள வையாத மணி. உங்கப்பா சொல்லிட்டுப் போனதுதான் இது."

 இனியா கோமதியின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, எல்லாருக்கும் கேண்டல் குடுத்தாங்க, எனக்கு மட்டும் ஏன் குடுக்கல?" என்று கேட்டாள். பந்தம் என்ற சொல் அவளுக்குத் தெரியாது. கேண்டல் என்றதைக் கேட்டுப் பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள்.

பிறந்த நாட்டில் அவள் குடிமகள் இல்லை. குடிமகளாக இருக்கும் நாட்டில் பேத்தி இல்லை.

நான் சுடுகாட்டுக்குப் போனேன். கொள்ளி வைத்தேன். வைக்காமல் வந்திருக்கலாம் என்று இன்றுவரை நினைக்கிறேன். ஆனால் வைத்தேன்.

அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொன்னதை அம்மா அப்புறம் சொன்னார். "தன்கிட்ட உயிரணுவே இல்லேன்னு அவனே வாயால சொன்னான். அப்புறம் இது எங்கேருந்து வந்துச்சு? அங்க எவனோடதையோ வச்சு விட்டிருக்கான். என்னைச் சுத்தி அது பந்தம் பிடிக்கக் கூடாது." நான் சொன்னது குறைவு என்று. அந்த வீட்டில் அன்றைக்கு எல்லோர் காதிலும் விழுந்தது இல்லை என்று. மனைவியைக் காப்பாற்ற நான் சொன்ன உண்மையைப் பத்திரமாக எடுத்துவைத்திருந்து, என் மகள் மேல் எறிந்துவிட்டார்கள். பொய் சொல்லியிருந்தால், எங்கள் இருவருக்கும் குறை இல்லை, சாமி கண் திறந்துவிட்டது என்று சொல்லியிருந்தால், அவள் கையில் பந்தம் இருந்திருக்கும்.

7

கருமாதி முடிந்த மறுநாள், அக்கா வீட்டுக்காரர் சமாதானம் பேச வந்தார். ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டால் முடிந்தது, எச்சிலைத் துடைத்து அனுப்பினால் அப்பன் பிள்ளையா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள், எல்லார் வாயையும் மூடிவிடலாம் என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. உள்ளே போய்க் கோமதியிடம் சொன்னேன்.

அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள். "எடுங்க. ஆனா ரிசல்ட் வர்ற அன்னைக்கு நானும் அவளும் உங்க கூட இருக்க மாட்டோம். என்ன ரிசல்ட் வந்தாலும் சரி."

நான் எடுக்கவில்லை.

தம்போய் திரும்பியதும் லெட்சுமி அக்காவிடம் கோமதி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க தாத்தா செத்தப்ப நான்தான் மொத ஆளா பந்தம் புடிச்சேன். என் மூஞ்சியப் பாருங்க. இது யாரு ரத்தம்னு தோட்டத்துல ஒரு ஆளு கேக்கல லா" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு ஆறுதலாக இல்லை. பொறாமையாக இருந்தது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அப்பாவின் பேச்சு என்னையும் தொற்றிக்கொண்டது. இனியா வீட்டுப்பாடம் எழுதும்போது அவள் காது மடலைப் பார்ப்பேன். என்னுடையது ஒட்டிய காது, அவளுக்கு ஒட்டாத காது. கோமதிக்கும் ஒட்டாத காதுதானே என்று சமாதானமாவேன். மறுநாள் கால் விரல், அதற்கு மறுநாள் நெற்றி. என் பழைய பள்ளிக்கூடப் போட்டோவைப் போனில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அவளையும் அதையும் மாறிமாறிப் பார்த்த ஒரு மாலையில், கோமதி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"அவ மூஞ்சில என்ன தேடுறீங்க?"

ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை. சில மாதங்கள் நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் விருந்தாளிகள்போல் இருந்தோம். இனியாவும் என்னவோ புரிந்துகொண்டாள். நான் பார்த்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அம்மாவின் பக்கம் நகர்ந்துவிடுவாள். பிள்ளைகள் விலகிப்போவதற்கு மொழியும் நாடும்தான் காரணம் என்று இங்கே இருக்கும் நண்பர்கள் சொல்வார்கள். என் மகள் விலகியதற்குக் காரணம் என் கண்.

8

அக்காவுக்கு வரவில்லை என்று ஒரே வரியில் பதில் அனுப்பினேன். நீ பிள்ளையா என்று திருப்பி அனுப்பினாள். 

திதி அன்று விடுப்பு எடுக்காமல் வேலைக்குப் போனேன். எள்ளும் தண்ணீரும் இறைக்கவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா வீடியோவில் கூப்பிட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்ததாம். நான் இல்லாததால் அக்காவின் மகன் உட்கார்ந்து செய்தானாம். பாப்பாவை ஒரு நிமிடம் காட்டு என்றார்.

இனியா வந்து, "பாட்டி, சாப்ட்டீங்களா?" என்றாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.  அப்புறம், உள்ளறையில் இருக்கும் அக்காவுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காகப் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், கிசுகிசுவென்று சொன்னார்.

"மணி... இவ பேசுறப்போ புருவத்தத் தூக்குறா பாரு. அப்படியே உங்கப்பாடா. நான் அப்பவே பார்த்தேன், சொல்லப் பயமா இருந்துச்சு."

ஒரு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்தது அதுதான். கோமதி என் முகத்தைப் பார்த்தாள். இனியா தன் புருவத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சந்தோஷம் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தேன். வரவில்லை.

"வேணாம்மா" என்றேன். "அவ அவரு மாதிரி இருக்க வேணாம்."